பனி சுட்டது யாரை?

"தீப்பெட்டி இருந்தா இங்கனயே எடுத்து வச்சிட்டுப் போங்க" என்றார் வாசல் காவல்காரர்.

"ஊரு உலகத்துக்கே தீப்பெட்டி செஞ்சு அனுப்புறீக. உள்ள வாரவன்கிட்ட ஒண்ணு இருந்தா ஆகாதா?" என்றபடி பலவேசம் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் மேசைமேல் வைத்தான்.

காவல்காரர் சிரிக்கவில்லை. நாரணாபுரத்து அந்தப் பட்டாசுக் கம்பெனியில் அன்று சிரிக்கிற நிலையில் யாருமே இல்லை. மாசி வெயிலில் காயப் போட்டிருந்த வெடிக்குழாய்களைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிராமல் வேலை பார்த்தார்கள். களத்துக்கு அந்தப் பக்கம் காகிதச் சரக்கு அடுக்கும் கிட்டங்கியின் கதவு வெளியே பூட்டியிருந்தது. பூட்டுக்கு முன்னால் இரண்டு பேர் கம்போடு நின்றார்கள்.

துப்பறியும் செல்லச்சாமி அந்தக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு ஆபீஸ் அறையை நோக்கி நடந்தார். பட்டாளத்திலிருந்து வந்தபின் விருதுநகரில் ஒரு மாடியறை பிடித்துத் தொழில் நடத்துகிறவர். பலவேசம் அவருக்கு உதவியாளன், காரோட்டி, சமயத்தில் தலைவலி. முன்பு நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டியவன். கம்பெனி கலைந்துவிட்டது, வேஷம் மட்டும் கலையவில்லை.

"கிட்டங்கியில சங்கிலிமுத்துன்னு நம்ம கம்பெனி ஆளு ஒருத்தன் கெடக்கான்" என்று ஆரம்பித்தார் முதலாளி தனுஷ்கோடி. உட்காரச் சொல்லவில்லை. "எம் மகள எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு அவன் வாயில இருந்து வரணும். அதுக்குத்தான் ஒங்கள வரச்சொன்னேன். வேற எதையும் நோண்ட வேண்டாம்."

ஐம்பதைத் தாண்டிய கனத்த மனிதர். மூக்கு நுனி தோலுரிந்து சிவந்திருந்தது. பல நாளாகத் தூங்காத கண்கள்.

பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். பட்டு மப்ளர், பவுடர் பூசிய முகம். டெல்லியில் கம்பெனிச் சரக்கை விற்றுத் தரும் ஏஜெண்ட் ஜெயச்சந்திரன். தனுஷ்கோடியின் ஒரே மகள் முத்துமாரிக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையும் அவன்தான்.

"இவுகளக் கூப்பிட்டதே வீண் மாமா" என்றான் அவன். "பொழுது சாயட்டும். அவனப் பேச வைக்க எனக்குத் தெரியும்."

செல்லச்சாமி தாமே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "மொதல்ல இருந்து சொல்லுங்க முதலாளி."

தனுஷ்கோடி வேண்டாவெறுப்பாகச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வாரம் எல்லாரும் ஒன்றாக இருக்கலாம் என்று ஜெயச்சந்திரன்தான் தை மாதக் கடைசியில் அழைத்திருக்கிறான். தனுஷ்கோடி, மனைவி வெள்ளைத்தாய், மகள் மூவரும் டெல்லி போய், அங்கிருந்து அவனோடு சிம்லாவுக்கு அப்பால் ஒரு மலைக்குப் போனார்கள். பனி பெய்கிற மலை. காலில் நீளமான கட்டைகளைக் கட்டிக்கொண்டு, கையில் இரண்டு ஊன்றுகோலோடு பனிச்சரிவில் சறுக்கி விளையாடுவதற்கென்றே அங்கே ஒரு விடுதி இருந்தது. ஒரு நாள் காலையில் முத்துமாரியைக் காணவில்லை. அவளுடைய சறுக்குக் கட்டைகள் மட்டும் ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பில் கிடந்தன.

"ரெண்டு நாளு பனியத் தோண்டினேன்" என்றார் தனுஷ்கோடி. குரல் கொஞ்சம் இறங்கியது. "போலீசுக்காரகளும் பாத்தாக. ஒண்ணுமில்ல. அப்பறந்தான் புரிஞ்சது, அவ விழுகல, ஓடியிருக்கான்னு."

"அப்ப நீங்க எங்க இருந்தீக?"

"நானும் மாப்பிள்ளையும் சீட்டாட்ட அறையில. வடக்கத்தி வியாபாரிக வந்திருந்தாக, ஆர்டர் பேசிக்கிட்டிருந்தோம்."

"வீட்டம்மா?"

"போன அன்னிக்கே காய்ச்சல்ல படுத்தவ. அறையவிட்டு ஒரு அடி வெளிய வைக்கல."

"அந்த எடத்துக்கு வண்டி போகுமா?"

"நாங்க போறப்ப விடுதி வாசல் வரைக்கும் போச்சு. மறுநாளு ரோட்டப் பனி மூடிருச்சு, நாங்க கெளம்புற அன்னிக்குத்தான் வெலக்கினாக. எடையில வாரவன் பஸ் நிக்கிற எடத்துல இருந்து மூணு மைலு பனிமேல நடந்துதான் ஆகணும். அவளக் கூட்டிட்டுப் போனவன் அதுல நடந்துதான் வந்திருக்கணும், நடந்துதான் போயிருக்கணும்."

"அந்த ஆளு சங்கிலிமுத்துன்னு எப்படிச் சொல்றீக?"

"போன வருசம் திரி பத்தி அவன் கை வெந்துபோச்சு. எம் மக அவ சேலையக் கிழிச்சுக் கட்டிவிட்டா. ஊரே பாத்துச்சு. நாங்க மலையில இருந்த வாரம் பூராம் அவன் வேலைக்கு வரல. இன்னும் என்ன வேணும்?"

செல்லச்சாமி ஜெயச்சந்திரன் பக்கம் திரும்பினார். "நீங்களும் தேடினீகளா தம்பி?"

"தேடாம? மாமா பள்ளத்துல, நான் மேட்டுல. ரெண்டு நாளும் பனியிலதான் கெடந்தேன்."

செல்லச்சாமி பலவேசத்தைப் பார்த்து லேசாகத் தலையை மேலே அசைத்தார். பல வருஷப் பழக்கம். அவனுக்கு அது போதும்.

"முதலாளி, ஒங்க உத்திரத்துல எம்புட்டுப் பெரிய பல்லி" என்றான் பலவேசம்.

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். அந்தக் கண நேரத்தில் செல்லச்சாமி இரண்டு தாடைகளையும் பார்த்துவிட்டார். தனுஷ்கோடியின் தாடைக்கு அடியில், கழுத்து தொடங்கும் இடம் வரை, தோல் கருத்து மீன் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. ஜெயச்சந்திரனின் தாடை சலவை செய்த துணி மாதிரி இருந்தது.

"எங்கலே பல்லி?" என்றான் ஜெயச்சந்திரன்.

"ஓடிருச்சு. டெல்லிப் பல்லி போல."

*

கிட்டங்கிக்குள் பழைய காகிதச் சுருள்களுக்கு நடுவில் சங்கிலிமுத்து கை பின்னால் கட்டிக் கிடந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. செல்லச்சாமி அவனுக்குத் தண்ணீர் புகட்டினார்.

"எங்க போயிருந்தே?"

"ஏழாயிரம்பண்ணைக்குங்கய்யா. எம் பொண்டாட்டிக்குப் பிரசவம். தலைச்சம்புள்ள. ரெத்தம் நிக்காம கெடந்தா. ஒரு ஆள அனுப்பி விசாரிங்கன்னு கும்பிட்டுச் சொன்னேன். அம்புட்டுத் தூரம் எவன் போவான்னு அடிச்சாக."

"பெரியவர் அடிச்சாரா?"

"முதலாளி கதவுக்கு வெளிய நின்னாக. அடிச்சது டெல்லிக்காரரு."

செல்லச்சாமி அவன் தாடையை மெதுவாக நிமிர்த்திப் பார்த்தார். அடிபட்ட வீக்கம் கன்னத்தில் இருந்தது. தாடைக்கு அடியில் ஒன்றுமில்லை.

முதலாளி வீட்டைத் தேடிச் சிவகாசிக்குக் கார் திரும்பியதும் பலவேசம் வாயைத் திறந்தான். "அண்ணாச்சி, காலையில இருந்து ஆம்பளைக தாடையாப் பாத்துக்கிட்டு வாரீக. சவரக்கடை வைக்கிற யோசனையா?"

"நம்ம ஊரு வெயில் எங்க சுடும்?"

"எங்க சுடாது?"

"தலையில சுடும், மூக்குல சுடும், முதுகுல சுடும். மேல இருந்து வாரது. பனிக்காட்டுல வெயில் தரையில பட்டுக் கண்ணாடி மாதிரித் திரும்பி வரும். கீழ இருந்து சுடும். தாடைக்கு அடியிலயும் மூக்குத் துவாரத்துலயும் தோல் வழண்டு உரிஞ்சுரும். காசுமீர்ல எங்க பட்டாளமே சுட்ட கத்திரிக்காயாட்டம் அலைஞ்சோம்."

பலவேசம் சீட்டியடித்தான். "அப்ப சங்கிலிமுத்து அந்த மலைய மிதிக்கல."

"மிதிச்சிருந்தா மூணு மைலு போக, மூணு மைலு வர. தப்பிச்சிருக்க முடியாது."

"டெல்லிக்காரன் தேடவே போகல. வருங்காலப் பொண்டாட்டி பள்ளத்துல கெடக்கான்னு எல்லாரும் அலையிறப்ப இவன் மட்டும் எதுக்கு உள்ள இருந்தான்?" பலவேசத்தின் குரலில் கேலி போயிருந்தது. "அண்ணாச்சி, அந்தப் புள்ள உசுரோட இருக்கா?"

செல்லச்சாமி வேகமாகப் போ என்று கையைக் காட்டினார்.

*

வெள்ளைத்தாய் கதவைப் பாதிதான் திறந்தாள். நாற்பத்தைந்து வயது. தலைமுடி கோடாலி முடிச்சு. முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போட்டிருந்தாள்.

"காய்ச்சலோட கெடந்தவகிட்ட என்ன கேக்க வந்தீக?"

"மலையில என்ன நடந்துச்சுன்னு."

"எழவுதான் நடந்துச்சு." கதவை விட்டுவிட்டு உள்ளே போனாள். அதையே அழைப்பாக எடுத்துக்கொண்டு இருவரும் பின்னால் போனார்கள். "உல்லாசமாப் போயிட்டு வருவோம்னு கூட்டிட்டுப் போனாக. போற வழியெல்லாம் வாந்தி. போயி எறங்கினா, பாக்குற எடமெல்லாம் கோடித்துணிய விரிச்சாப்புல வெள்ளை. மரத்துல எல கெடையாது, ஒரு காக்கா கெடையாது. பெரிய பெரிய மனுசரெல்லாம் வெறகுக்கட்டையக் கால்ல கட்டிக்கிட்டு விழுகுறாக, எந்திரிக்கிறாக, திரும்ப விழுகுறாக. அதுக்குக் கைதட்டு வேற."

"நானும் நாடகத்துல விழுந்து எந்திரிச்சவன்தாம்மா" என்றான் பலவேசம். "எனக்குக் கைதட்டுனவக கொறச்சல்."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஒரு அடி பின்வாங்கினான்.

"நீங்க வெளிய போகவே இல்லியாம்மா?" என்று கேட்டார் செல்லச்சாமி.

"கட்டில்ல கெடந்தேன். கண்ணாடி சன்னலு ஒண்ணு இருந்துச்சு. பாத்ததெல்லாம் அதுவழியாத்தான்."

"மாப்பிள்ளை எப்படி?"

"அவன் பேச்ச இந்த வீட்டுல எடுக்காதீக."

சட்டென்று வந்த பதில். மூலையிலிருந்த செம்பை எடுத்து, அண்ணாந்து, உதட்டில் படாமல் தண்ணீரை ஊற்றிக் குடித்தாள். கழுத்தைச் சுற்றியிருந்த முந்தானை நழுவியது.

தாடைக்கு அடியில், கழுத்து வரை, தோல் கருத்துச் செதில் செதிலாக உரிந்திருந்தது.

செல்லச்சாமி அவள் செம்பைக் கீழே வைக்கும்வரை காத்திருந்தார்.

"கண்ணாடி சன்னல் வழியா இப்படிச் சுடாதும்மா."

அவள் கை தாடைக்குப் போனது. உடனே இறங்கியது. "வெளிய போங்க."

"வெயில்ல நெடுநேரம் பனிமேல நடந்திருக்கீக. ஒங்க வீட்டுக்காரருக்கு அது தெரியாது."

"வெளிய போங்கன்னேன்."

"போறோம். நீங்க எதையும் சொல்ல வேண்டாம். ஆனா ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கங்க. ஒங்க மகளக் கூட்டிட்டு ஓடினான்னு சங்கிலிமுத்தக் கட்டிப்போட்டு அடிக்காக. ஒரு கண்ணு போச்சோ என்னவோ. பொழுது சாஞ்சா என்ன செய்வாகன்னு எனக்குத் தெரியல."

"எந்தச் சங்கிலிமுத்து?"

"கை வெந்துபோச்சே, அவன்."

"அவன் ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னாக." வெள்ளைத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அவன் பொண்டாட்டி நெறமாசமால்ல இருந்தா."

மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து நின்றுகொண்டுதான் சொன்னாள், உட்கார்ந்தபடி சொல்லக்கூடாத விஷயம் என்பது போல.

"சன்னலுக்கு நேர் கீழ சரிவு. மூணு பேரும் நின்னாக. அவன் எல்லாரும் பாக்கச் சறுக்கிக் காட்டப் போயி மல்லாக்க விழுந்தான். எம் மக சிரிச்சிட்டா. சின்னப் புள்ளையில இருந்தே அவளுக்குச் சிரிப்ப அடக்கத் தெரியாது. அவன் எந்திரிச்சு வந்து, கையில இருந்த ஊன்றுகோலால அவ கெண்டைக்கால்ல அடிச்சான். ஒரு தடவை இல்ல. பக்கத்துல அவுகப்பா நின்னாக."

"அவர் என்ன செஞ்சார்?"

"அதையும் நான் பாத்தேன்." முந்தானையை மறுபடி கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். "அன்னிக்குச் சாயந்தரம் வெந்நி வாங்கப் போன எடத்துல தமிழ்ப் பேச்சுக் கேட்டுச்சு. மெட்ராசுல இருந்து காலேஜுப் புள்ளைக சுத்திப்பாக்க வந்திருந்துச்சுக. கூட ஒரு டீச்சரம்மா. அந்தம்மாகிட்டப் போயி, எம் மகளையும் கூட்டிட்டுப் போங்கன்னேன். அவுக ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாக: ஒங்க மகளுக்குச் சம்மதமா? இந்தக் கல்யாணம் பேச ஆரம்பிச்ச நாள்ல இருந்து எங்க வீட்டுல அத யாரும் கேக்கல. நானும் கேக்கல."

"காலையில அந்தக் கூட்டத்தோட அனுப்பிட்டீக."

"எல்லாப் புள்ளைகளும் கோட்டும் குல்லாயும் போட்டு ஒண்ணுபோலத்தான் இருந்துச்சுக. ஒண்ணு கூடினது யாருக்குத் தெரியும்? பஸ் வரைக்கும் கூடவே நடந்தேன். திரும்பி ஒத்தையில வந்தேன். அந்தக் கட்டைகளப் பள்ளத்து ஓரத்துல போட்டது நான்தான். ரெண்டு நாளு கீழ பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும், அதுக்குள்ள ரயிலு மெட்ராஸ் போயிரும்னு."

பலவேசம் பெருமூச்சு விட்டான். "நான் அந்த டெல்லிக்காரன் கொன்னுட்டான்னே முடிவு கட்டிட்டேன்."

"அவனுக்குக் கட்டி வச்சிருந்தா அதுதான் நடந்திருக்கும்" என்றாள் வெள்ளைத்தாய்.

"ஒங்க பேரச் சொல்லாம அவன விடுவிக்க நான் பாக்குறேன்" என்றார் செல்லச்சாமி.

"நீங்க சொன்னா அது யூகம். நான் சொன்னாத்தான் அவுக காதுல ஏறும்." செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு நடந்தாள். "வண்டிய எடுங்க."

*

களத்தில் வேலை நின்றுபோயிருந்தது. முதலாளியின் மனைவி வெறுங்காலோடு வெயிலில் நடந்து வருவதைப் பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

தனுஷ்கோடி ஆபீஸ் வாசலுக்கு வந்தார். பின்னால் ஜெயச்சந்திரன்.

"இவள எதுக்குக் கூட்டியாந்தீக?"

"மகளக் கூட்டிட்டுப் போனது யாருன்னு கேட்டீகளே முதலாளி" என்றார் செல்லச்சாமி. "ஆம்பளைகளத்தான் விசாரிச்சிருக்கீக."

"நான்தான் அனுப்பினேன்" என்றாள் வெள்ளைத்தாய். குரலை உயர்த்தவில்லை. ஆனால் களத்தின் கடைசி வரை கேட்டது. "பஸ் வரைக்கும் நடந்துபோயி நானே ஏத்திவிட்டேன். சங்கிலிமுத்துக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

தனுஷ்கோடிக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் அவர் முகம் ஒரேயடியாக வயதாகிப்போனது.

"ரெண்டு நாளு தோண்டினேன்டி" என்றார். "எம் மக பொணத்தத் தேடித் தோண்டினேன். நகமெல்லாம் பிஞ்சு போச்சு. நீ கட்டில்ல படுத்துக் கெடந்தே."

"படுத்துக் கெடக்கல. சன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். நீங்க அழுததையும் பாத்தேன். அவன் எம் மகள அடிக்கிறப்ப நீங்க முகத்தத் திருப்பி மலையப் பாத்தீகளே, அதையும் அதே சன்னல்லதான் பாத்தேன்."

களத்தில் யாரோ ஒரு பெண் இருமினாள்.

"எங்க இருக்கா?" என்றார் தனுஷ்கோடி.

"சொல்ல மாட்டேன்."

"பொண்ணுக்கு இருபத்தோரு வயசுன்னு அம்மா வழியில சொன்னாக" என்றார் செல்லச்சாமி. "அவ விருப்பமில்லாம அவளக் கொண்டாரச் சட்டத்துல எடமில்ல முதலாளி."

ஜெயச்சந்திரன் மப்ளரைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தான். "சட்டமெல்லாம் எதுக்கு மாமா? ரெண்டு போடுங்க. எடம் தன்னால வரும்."

தனுஷ்கோடி அவனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பவுடர் முகத்தை, அதுவரை பார்த்தே இராதது போல, நெடுநேரம் பார்த்தார்.

"ஏலே" என்றார் கம்போடு நின்றவர்களிடம். "பூட்டத் தெறந்து அவன அவுத்துவிடுங்க."

"மாமா—"

"நீ ஊருக்குக் கெளம்பு."

"கெளம்பிருவேன். டெல்லிப் பக்கம் இந்த வருசம் ஒரு லோடுகூடப் போகாது. யோசிச்சுச் சொல்லுங்க."

"மலையிலயே யோசிச்சிருக்கணும்" என்றார் தனுஷ்கோடி.

ஜெயச்சந்திரன் வெள்ளைத்தாயை முறைத்தான். அவளும் கண்ணை எடுக்கவில்லை. அவனே முதலில் திரும்பி, வாசலைப் பார்த்து நடந்தான். பலவேசம் ஒதுங்கி வழிவிட்டான். "பாத்துப் போங்க தம்பி, சறுக்கிரப் போகுது."

சங்கிலிமுத்துவை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். முதலாளியைக் கண்டால் தோள் துண்டை இடுப்புக்கு இறக்குகிறவன் அவன். அன்று துண்டு தோளிலேயே கிடந்தது. தனுஷ்கோடி ஏதோ சொல்ல வந்தார். அவன் நிற்காமல் நொண்டிக்கொண்டு காருக்குப் போனான்.

"ஆஸ்பத்திரிக்கு மொதல்ல" என்றார் செல்லச்சாமி. "நீங்கம்மா?"

"அவன ஆஸ்பத்திரியில விட்டுட்டு என்னய எம். புதுப்பட்டியில எறக்கிவிடுங்க. எங்க அண்ணன் வீடு இருக்கு" என்று வெள்ளைத்தாய் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

பலவேசம் வண்டியை உயிர்ப்பித்தபோது தனுஷ்கோடி களத்தைக் கடந்து வந்தார். அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நகமில்லாத இரண்டு விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"அம்புட்டுக் குளுர்ல போனாளே" என்றார். "புள்ள என்னத்தப் போத்திக்கிட்டுப் போனா?"

வெள்ளைத்தாய் நேராக ரோட்டையே பார்த்தாள்.

"ஒங்க கோட்ட" என்றாள்.

பலவேசம் கியரை மாற்றினான். தனுஷ்கோடி கையை எடுத்துக்கொண்டார்.